பற்றாக்குறையில் பிறந்த வண்டி

கொழும்பிலிருந்து வடக்கே சென்று களனி ஆற்றைக் கடந்தால் வத்தளை. அங்கிருந்து கடலை நோக்கித் திரும்பினால் ஹெந்தளை. வரலாற்று நூல்களில் இவ்வூருக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டிமுடித்த தொழுநோய் மருத்துவமனை இங்கே உண்டு. ஆங்கிலேயர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டுவித்த ஹமில்டன் கால்வாய் இதன் வழியே ஓடுகிறது. இவ்விரண்டையும் இரண்டு வரிகளிற் குறித்துவிட்டு நூலாசிரியர்கள் நீர்கொழும்புக்குப் போய்விடுவார்கள். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வேறொன்றும் இவ்வூரின் ஒவ்வொரு கராஜிலும் நாள்தோறும் புழங்குகிறது. அது 'பாஸ்' என்னும் சொல்.

வீடு கட்டுபவர் மேசன் பாஸ். மரவேலை செய்பவர் தச்சு பாஸ். மோட்டார் வண்டி திருத்துபவர் கராஜ் பாஸ். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் இச்சொல்லை ஒருங்கே வழங்குகின்றனர். ஒல்லாந்த மொழியில் இதற்குத் தொழிலில் தலைவன், எசமான் என்று பொருள். இதே சொல் ஒல்லாந்தக் குடியேறிகளோடு வட அமெரிக்காவுக்குப் போய் ஆங்கிலத்திற் கலந்தபோது, வேலை வாங்கும் முதலாளியைக் குறிக்கலாயிற்று. இலங்கையிலோ வேலை செய்பவனையே குறித்து நின்றது. மொழியியலாளர் இதனைத் தற்செயல் என்பர். இருக்கலாம். ஆயினும் கையிற் கறுத்த எண்ணெயோடு வண்டிக்கு அடியிற் படுத்திருக்கும் மனிதரை நாடு முழுவதும் 'எசமானே' என்று அழைத்துக்கொண்டு, அவருக்கு எசமானருக்குரிய எதனையும் கொடாதிருப்பது எமக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

நாம் இங்கு பேசப்போவது பழைய ஜீப்புகளைப் பற்றி. 'ஜீப்' என்று எமது மக்கள் சொல்லும்போது அதனுள் வில்லிஸ் ஜீப்பும் அடங்கும், லாண்ட் றோவரும் அடங்கும். நான்கு சில்லுகளும் இழுக்கக்கூடிய வண்டி எதுவாயினும் ஜீப்தான். எழுபது வயதைக் கடந்த இத்தகைய வண்டிகள் இலங்கையின் மலைநாட்டிலும் வன்னியிலும் கொழும்பின் புறநகர்களிலும் இன்னும் ஓடுகின்றன. அவை இத்தனை காலம் நிலைத்தது எவ்வாறு என்று கேட்டால், 'அந்தக் காலத்து இரும்பு அப்படி' என்ற விடையே எங்கும் கிடைக்கிறது. இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. அந்தக் காலத்து இரும்பு துருப்பிடித்தது, பல் உடைந்தது, எண்ணெய் ஒழுகியது. இரும்பின் புகழைப் பாடுவோர் அதனைத் திருத்திய கைகளை மறந்துவிடுகின்றனர்.

முதலில் இவ்வண்டிகள் பிறந்த கதையைப் பார்ப்போம்.

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. எடை குறைந்த, நான்கு சில்லுகளும் இழுக்கும் சிறு வண்டியொன்றின் மாதிரி 49 நாள்களில் வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில், வங்குரோத்தின் விளிம்பில் நின்ற பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் புரொப்ஸ்ட் என்ற பொறியியலாளரைக் கொண்டு மாதிரியை உருவாக்கிச் செப்டெம்பர் 23ஆம் தேதி ஒப்படைத்தது. இராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸ், போர்ட் ஆகிய பெரிய நிறுவனங்களுக்கும் காட்டியது. போர்க்காலத்தில் இவ்விரு நிறுவனங்களும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. வடிவத்தைப் பெற்றெடுத்த பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. முதலாளித்துவத்தில் இது புதுமையன்று, மேலே செல்வோம்.

எமது கதைக்கு முக்கியமானது வேறொன்று. போர்முனையிற் பழுதடைந்த வண்டியைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்ப இயலாது. சேற்றில் நின்றபடி, சாதாரணப் போர்வீரன், சில ஸ்பனர்களைக் கொண்டு திருத்தவேண்டும். ஆகவே வில்லிஸ் செய்த வண்டியின் உறுப்பு போர்ட் செய்த வண்டிக்கும் பொருந்தவேண்டும் என்று இராணுவம் வற்புறுத்தியது. இரண்டு வண்டிகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. போர்ட் நிறுவனம் மட்டும் தான் செய்த உறுப்புகளில், ஆணித்தலைகளில்கூட, தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து மனநிறைவு கொண்டது. எஞ்சின் 134 கன அங்குலக் கொள்ளளவும் 60 குதிரைவலுவும் உடையது. வால்வுகள் பக்கவாட்டில் அமைந்தவை. மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். தரங்குறைந்த பெற்றோலிலும் ஓடுமாறு அமுக்க விகிதம் குறைவாகவே வைக்கப்பட்டது. இக்குணம் ஐம்பது ஆண்டுகளின் பின்னர் வேறொரு மண்ணில், வேறொரு போரிற் பயன்பட்டது. அதனைப் பின்னர் சொல்வோம்.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. இராணுவத்தோடு ஜீப்புகளும் வந்தன. போர் முடிந்ததும் படைகள் சென்றன. வண்டிகளிற் பல எஞ்சிய பொருள்களாய் விற்கப்பட்டு இங்கேயே தங்கின.

லாண்ட் றோவரின் பிறப்பும் போரின் எச்சத்திலிருந்தே தொடங்குகிறது. றோவர் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளரான மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் இராணுவம் கழித்த ஜீப்பொன்றை வைத்திருந்தார். அது தேய்ந்தபின் அதனிடத்தில் வைக்கப் பிரித்தானிய வண்டியொன்றும் இல்லையே என்ற நினைவிலிருந்து 1947இல் மாதிரி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகம் அதனைக் கண்டது.

அன்றைய பிரித்தானியா போரில் வென்ற நாடாயினும் கையிற் காசில்லாத நாடு. உருக்கு பங்கீட்டில் இருந்தது. ஏற்றுமதி செய்பவருக்கே அது கிடைத்தது. எனவே வண்டியின் மேலுடல் உருக்கினாலன்றி அலுமினியக் கலவையினாற் செய்யப்பட்டது. தகடுகளை வளைத்து அழுத்தும் பேரச்சுகளுக்குப் பணம் இல்லை. எனவே உடலின் பெரும்பகுதி தட்டையாகவே விடப்பட்டது. வண்டியைத் தாங்கும் செசியும் நான்கு உருக்குப் பட்டிகளை நீளவாக்கிற் பொருத்தி வெல்டிங் செய்த பெட்டி வடிவமாக அமைந்தது. அதாவது, உலகம் 'உறுதியின் சின்னம்' என்று கொண்டாடும் அவ்வடிவம் வறுமைக்காலத்துச் சிக்கனத்தின் விளைவு. பேரச்சில் வார்த்த வளைவை இன்னொரு பேரச்சில்லாமற் செய்ய முடியாது. தட்டைத் தகட்டையும் பட்டியையும், வெல்டிங் கம்பியும் வெட்டும் உளியும் உள்ள எவரும் செய்யலாம். ஹெந்தளை பாஸ் அதனைச் செய்ய முடிந்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

லாண்ட் றோவர் இலங்கைக்கு வந்தபோது அதனைத் தோட்டத் துரைமார் ஓட்டினர். நில அளவையாளரும் வனப்பகுதி அதிகாரிகளும் ஓட்டினர். அது சந்தைக்கு வந்த அதே 1948இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறி மலையகத் தமிழ்த் தொழிலாளரைப் பெருந்தொகையாக நாடற்றவராக்கியது. துரையின் வண்டிக்கு இந்நாட்டிற் பதிவு இருந்தது. அவ்வண்டி சேற்றிற் புதைந்தபோது தோள்கொடுத்துத் தள்ளியவருக்குப் பதிவு இல்லை.

பிரித்தானியாவின் பற்றாக்குறை வண்டிக்கு வடிவம் கொடுத்ததென்றால், இலங்கையின் பற்றாக்குறை அதற்கு ஆயுள் கொடுத்தது. தேயிலையின் உலகவிலை ஏற்றுமதியாளர் கையில் இல்லாதிருந்தமையால் 1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. மோட்டார் வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1975 வரை கலாநிதி என். எம். பெரேரா நிதியமைச்சராய் இருந்த காலத்தில், குறிப்பாக 1973இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபின், நெருக்கடி மேலும் இறுகிற்று. அந்த ஆண்டுகளைப் பாண் வரிசைகளின் காலமாக மட்டும் நினைவுகூர்ந்து நகைப்போருடன் நாம் சேர்வதற்கில்லை. இறக்குமதி செய்ய வழியில்லாத நாடு செய்து பழகும் என்பதற்கு அக்காலத்துக் கராஜ்கள் சான்று. ஆனால் அக்கொள்கையை வகுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்கத் தவறினர் என்றே சொல்லவேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்திக் கொடுத்தவர் யாவர், அவர்களுக்கு அதிற் கிடைத்த பங்கு யாது என்ற கேள்வி, இடதுசாரிகள் அமைச்சரவையில் இருந்த நாள்களிலும் எழவில்லை.

அவர்கள் செய்த வேலை எத்தகையது? படித்தவர்கள் இதனை 'ஒட்டுப்போடுதல்' என்று ஒதுக்குவதால் சற்று விரிவாகவே சொல்வோம்.

ஹெந்தளை கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் இருக்கும் ஊர். உப்புக்காற்று ஓயாது. லாண்ட் றோவரின் அலுமினிய உடல் சிவப்புத் துருவை அறியாது. அதன் கீழே கிடக்கும் உருக்குச் செசியோ உள்ளிருந்தே அரிக்கப்படும். பெட்டி வடிவம் ஆதலால் உள்ளே புகுந்த சேறும் ஈரமும் வெளியேறுவதில்லை. பின்பக்கக் குறுக்குச்சட்டமும் பக்கக்கிளைகளும் முதலிற் போகும். வெளியே தார் பூசிப் பளபளப்பாய் நிற்கும் செசியைப் பாஸ் நம்புவதில்லை. சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்ற ஒலி திடீரென மழுங்கும் இடத்தில் சோக்கட்டியாற் குறியிடுவார். பிறகு அழுகிய பகுதியை வெட்டி நீக்கி, அதே தடிப்புள்ள தகட்டைப் பெட்டியாக்கி வெல்டிங் செய்வார். வெட்டுமுன் செசியைச் சமதளத்திற் கட்டைகளின் மேல் நிறுத்தி, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளப்பது முறை. இதனைச் செய்யாதவர் கையில் வண்டி பின்னர் நண்டுபோற் சாய்ந்து ஓடும்.

அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அங்கே சிறு மின்கலம் ஒன்று உண்டாகிறது. அலுமினியம் வெண்பொடியாய் உதிர்கிறது. பள்ளிக்கூடத்திற் செம்பும் நாகமும் கொண்டு ஆசிரியர் காட்டும் பரிசோதனைதான் இது. பாஸ் இரண்டுக்கும் நடுவே பழைய டியூப் ரப்பரை வெட்டி வைக்கிறார். இவ்வண்டிகளின் விளக்குகள் மங்கி எரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மின்சாரம் பற்றறிக்குத் திரும்பும் வழி வண்டியின் உடலே. மூட்டுகளில் வெண்பொடி படிந்தால் அவ்வழி அடைபடும். அறியாதவர் பல்பை மாற்றுவார், பற்றறியை மாற்றுவார். அறிந்தவர் விளக்கிலிருந்து செசிக்கு ஒரு தனிக்கம்பி இழுத்துவிடுவார். 1967 அளவுவரை வந்த லாண்ட் றோவர்களில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும் என்பதை மறந்து புதிய கருவிகளைப் பூட்டி எரித்தவர்களும் உண்டு.

இன்னொன்று, சில்லுகள் நான்கும் இழுப்பது பற்றியது. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் செல்கின்றன. இப்பழைய வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே அவ்வேறுபாட்டைச் சரிக்கட்டும் டிபரன்ஷல் இல்லை. சேற்றிலும் மணலிலும் சில்லு சிறிது வழுக்கி அதனைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்வீதியில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுக்கேறிக்கொண்டே போகும். முடிவில் டயர் தேயும், அல்லது பின் ஆக்சில் தண்டு 'டப்' என்று முறியும். மஞ்சட் குமிழை அமுக்கினால் நான்கு சில்லும் இழுக்கும், சிவப்புப் பிடியைப் பின்னே தள்ளினால் வேகங்குறைந்து வலுக்கூடும் என்பதை லாண்ட் றோவர் வாங்கியவர் எல்லாரும் அறிவர். எப்போது அவற்றைத் தொடக்கூடாது என்பதைப் பாஸிடமே கற்றனர். அதுவும் ஒரு தண்டு முறிந்தபின்.

முன்சில்லுகளுக்கு இழுக்கும் வேலையும் உண்டு, திரும்பும் வேலையும் உண்டு. இரண்டையும் கூட்டும் மூட்டைக் குரோமியம் பூசிய உருண்டை ஒன்று மூடியிருக்கும். அப்பூச்சு புள்ளிபுள்ளியாகத் துருப்பிடித்தால் அதன்மேல் உரசும் ரப்பர் வளையம் அறுந்து எண்ணெய் ஒழுகும். புது உருண்டைக்குப் பணம் இல்லாதபோது, குழிகளைச் சுரண்டி எபொக்சிப் பசையால் நிரப்பி, இறுகியபின் மெல்லிய உப்புத்தாளால் மெருகேற்றுவர். இது நல்ல வேலை. எண்ணெய்க்குப் பதிலாக உருண்டையினுள் கிறீஸை அடைத்துவிடும் வழக்கமும் உண்டு. இதனை நாம் போற்றமாட்டோம். ஒழுக்கு நிற்கும், ஆனால் தெறிக்கும் எண்ணெயை நம்பியிருக்கும் மேற்புறத்துப் புஷ் வறண்டு தேயும்.

ஜீப்புக்கு உரிய தனி நோய் இரண்டாம் கியர் தானாகக் கழன்றுவிடுவது. மலைச்சரிவில் இறங்கும்போது இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பல் தேய்ந்ததே காரணம் என்று கியர்ப் பெட்டியை உடனே இறக்குவது எளிது. அதன் செலவை உரிமையாளர் தாங்கார். ஆகவே பாஸ் முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்ப்பார். அடுத்து, கியரை அதன் இடத்திற் பிடித்துவைக்கும் சிறு குண்டையும் சுருள்வில்லையும் மேல்மூடியைத் திறந்து பார்ப்பார். காசு குறைந்த ஐயத்திலிருந்து காசு கூடிய ஐயத்துக்கு ஒழுங்காக ஏறிச்செல்லும் இம்முறையை விஞ்ஞான முறை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? புத்தகங்களில் நோய்கள் அகரவரிசையில் நிற்கும். ஏழையின் கராஜில் அவை விலைவரிசையில் நிற்கின்றன.

அவசர வைத்தியங்களும் பல. பெற்றோல் தாங்கி கசிந்தால் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்து அடைப்பர். சவர்க்காரம் பெற்றோலிற் கரையாது. ரேடியேற்றரில் நுண்துளை விழுந்தால் மஞ்சள் தூளைப் போடுவர். ஊர் போய்ச் சேரலாம், ஆனால் அதே தூள் பின்னர் குழாய்களை அடைக்கும். உச்சிவெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஜீப் நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவர். காட்போட்டுத் தாளை உறுப்பின்மேல் வைத்து விளிம்பு நெடுகச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காஸ்கெட் வெட்டுவர். தேய்ந்த தண்டுக்கு வெல்டிங்கால் சதை ஏற்றி லேத்தில் கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவர். இவற்றோடு இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும்: இரையும் டிபரன்ஷலுக்குள் மரத்தூளைக் கொட்டி, ஓசையை அடக்கி, வாங்க வந்தவர் தலையிற் கட்டும் வித்தையும் இதே கைகள் அறிந்ததுதான். உழைப்பவரைத் தேவராக்குவது எமது நோக்கமன்று.

இக்கராஜ்களின் மொழி எது? பதவி ஒல்லாந்தம், கருவிகளும் உறுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலம், திருகாணிக்குச் சிங்களத்தில் வழங்கும் 'இஸ்குருப்பு' மீண்டும் ஒல்லாந்தம், ஏச்சு சிங்களத்திலும் தமிழிலும் வேண்டியபடி. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோதும் வண்டிக்கு அடியிற் பேச்சு இப்படியே நடந்தது. ஆயினும் கராஜ் சமுதாயத்துக்கு வெளியே இருந்ததாக நாம் கற்பனை செய்யக்கூடாது. 1983 ஜூலையில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் தொழிலகங்களும் எரிந்தபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கருவிகளும் எரிந்தன. பலர் வடக்கே போயினர். பலர் கடல் கடந்தனர். பின்னைய ஆண்டுகளில் போரினால் இடம்பெயர்ந்தவர் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளை, ஹெந்தளைப் பகுதிகளிலும் வந்து குடியேறினர்.

வடக்கே போனவர்களின் கதை தனியே ஒரு நூலுக்குரியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் பொருள்கள் மீது அரசு தடை விதித்தது. எரிபொருளும் பற்றறியும் அத்தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் அளவோடு சென்றது. குடாநாட்டின் மொறிஸ் மைனர்களும் ஏ-40 ஒஸ்டின்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இவையும் ஜீப்பைப் போலக் குறைந்த அமுக்க விகித எஞ்சின் உடையவை. உயர்ந்த அமுக்கமுள்ள புது எஞ்சினில் மண்ணெண்ணெய் தட்டும், ஓடாது. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் ஆவியாவதில்லை. எனவே சில துளி பெற்றோலைச் செலைன் குழாயின் வழியே காபுரேற்றருக்குச் சொட்டவிட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச்செய்யும். அதனையும் அடிக்கடி கவனிக்கவேண்டும். நோயாளர்களும் பிரசவத்துக்குப் போன தாய்மாரும் இவ்வாறு ஓடிய வண்டிகளில் மருத்துவமனை சேர்ந்தனர். பின்னாளில் இதனைச் சிலர் வேடிக்கைக் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க முடியாது.

தெற்கில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளும் எஞ்சின்களும் வந்து குவிந்தன. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளின் பெருஞ்சந்தையாயிற்று. டீசல் பெற்றோலைவிட மலிவு. ஆகவே ஆங்கிலேய லாண்ட் றோவரின் வயிற்றில் இசுசு, நிசான், டொயோட்டா டீசல் எஞ்சின்கள் குடியேறின. ஜப்பானிய எஞ்சினின் பின்முகம் ஆங்கிலேயக் கியர்ப் பெட்டியோடு பொருந்தாது; இரண்டுக்கும் இடையே ஒரு தடித்த இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து பாஸ் சேர்த்துவைத்தார். அளவு சற்றுப் பிசகினாலும் கிளச் எரியும்.

இமயத்தின் அடிவாரத்திலும் இதே கதை. டார்ஜிலிங்குக்கு அருகே மானேபஞ்சாங் என்னும் சிற்றூரில், தேயிலைத் தோட்டங்களின் ஆங்கிலேயத் துரைமார் விட்டுப்போன 1950களின் லாண்ட் றோவர்களை ஊர்மக்கள் வாங்கி, இந்திய டீசல் எஞ்சின்களைப் பூட்டி, 3,636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூ மலைக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச்சென்றனர். அங்கும் தேயிலை, இங்கும் தேயிலை. துரை போனார், வண்டி தொழிலாளிக்கு வந்தது. ஆனால் அது தேய்ந்து, பயனற்றது என்று தள்ளப்பட்ட பின்னரே வந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய அறிவு எவ்வாறு கைமாறியது? 1958 ஜனவரி 1ஆம் தேதி பஸ் சேவைகள் தேசியமயமானபின், மேற்கு ஜேர்மனியின் உதவியோடு 1959இல் வேரஹெரவிற் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அதிலிருந்து சிறந்த தொழில்நுட்பவியலாளர் பலர் வெளிவந்தனர். ஆனால் ஹெந்தளையின் கராஜ்களுக்கு வந்த பையன்கள் அவ்வாயிலை எட்டாதவர்கள். பள்ளியை இடையில் விட்டவன் 'கோலயா'வாகச் சேர்ந்து, முதலாண்டு ஸ்பனர் கழுவி, தேநீர் வாங்கி, இரண்டாமாண்டு சில்லுக் கழற்றி, மெல்லமெல்ல பாஸின் பக்கத்திற் படுக்கும் உரிமையைப் பெறுவான். தொடக்கத்தில் அவனுக்குக் கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சோறும் கைச்செலவும். 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது; தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 வீதம் அதிற் செலுத்தவேண்டும். சிறு கராஜ்களில் பலருக்கு இச்சட்டம் காகிதத்திலேயே நின்றது. பிறேக் உருளைகளைத் திறந்து அஸ்பெஸ்டஸ் தூசியை வாயால் ஊதியவர்களுக்கு முகமூடி கொடுத்தவர் இல்லை. இதில் பாஸும் குற்றவாளியே: தான் பட்டதைத் தன் கோலயாவும் படவேண்டும் என்று எண்ணிய பாஸ்மார் எத்தனையோ பேர். சுரண்டல் மேலிருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதனைக் கைமாற்றிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் அரசு மீண்டும் வண்டி இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாமையை அறிவித்தது; அதே ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்கு வாராந்தப் பங்கீடு வந்தது. தனியார் வண்டிகளுக்கு இறக்குமதித் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில், அதுவும் பெருவரியோடு. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. உயர்ந்த விலை விற்றவருக்கும் தரகருக்கும் போயிற்று. வண்டியை ஓடவைத்த கூலி அவ்வேகத்தில் ஏறவில்லை. வாழ்க்கைச் செலவு ஏறியது. இளைஞர்கள் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னே வரிசையில் நின்றனர்.

புதிதாக வரும் வண்டிகளோ வேறு இனத்தவை. அவற்றின் எஞ்சினைக் கணினி ஆள்கிறது. பழுதின் பெயரை அக்கணினியிடம் கேட்டறியத் தனிக் கருவி வேண்டும். அக்கருவியின் திறவுகோல் கம்பெனியிடம் இருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, கம்பெனி முகவருக்குக் கிடைக்கும் பழுதுபார்க்கும் தகவல் வெளிக் கராஜ்களுக்கும் கிடைக்கவேண்டும் என்று சட்டமாக்கினர். இலங்கையின் தொழிற்சங்கங்கள் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க இதைவிடத் தக்க காலம் இராது. பட்டறை வேலையின் வருங்காலம் ஊதியத்தில் மட்டுமன்றி அந்தத் திறவுகோலிலும் தங்கியிருக்கிறது.

பள்ளிச் சான்றிதழ் இல்லாத பாஸும் தம் திறமையைச் செய்துகாட்டித் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறும் வழி இப்போது உண்டு. நல்லதே. அதைப் பெறுவோரிற் பலர் அதனை எடுத்துக்கொண்டு வளைகுடா நாடுகளுக்குப் போய்விடுகின்றனர். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களோடு போவதை இங்கே எழுதிவைக்கும் வேலை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. லாண்ட் றோவரின் முன்சில்லு மூட்டில், சுவிவல் பின்னின் அடியில் எத்தனை மெல்லிய தகடுகள் வைப்பது என்பதைக் கம்பெனி நூல் சுருள்வில் தராசால் அளக்கச் சொல்கிறது. பாஸ் மூட்டைக் கையாற் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்து ஒரு தகட்டை எடுத்துவிடுகிறார். அவர் அசைக்கும்போது பக்கத்தில் ஒரு மாணவர் தராசோடும் நோட்டுப் புத்தகத்தோடும் நின்றால் அந்த இழுவை எத்தனை இறாத்தல் என்பது தெரிந்துவிடும்.